கலப்பு இரட்டையர் ஆட்டம்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருவன. ஆயின் ஒரு சமுதாயம் தன் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழித்தது, யாரை யாரோடு சேர்த்து ஆடவிட்டது, யாரை ஓரத்தில் நிறுத்திப் பார்க்கவைத்தது என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே. சட்ட நூல்கள் சொல்லாது விடும் உண்மைகள் சிலவற்றை ஆடுகளம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுண்டு. அத்தகைய ஆட்டங்களுள் ஒன்று டெனிஸ். அதனுள்ளும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாக நின்று மற்றோர் இணையை எதிர்த்தாடும் கலப்பு இரட்டையர் போட்டி தனித்து ஆராயத்தக்கது.

பண்ணைப் பாலங் கடந்து, வேலணைத் தீவின் நிலத்தூடே ஊர்காவற்றுறை நோக்கிச் செல்வோர் காணும் கரம்பொன், டெனிஸ் ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊரன்று. பனை நிழலில் மணலிற் கோடு கீறிக் கிளித்தட்டு ஆடுதலே எம்மூர்ச் சிறுவர்க்கு இயல்பாய் வாய்த்த ஆட்டம். எனினும் கிளித்தட்டு ஆடி வளர்ந்தவனுக்கு இரட்டையர் ஆட்டத்தின் உட்பொருளை எடுத்து விளக்க வேண்டியதில்லை. தன் கோட்டைத் தான் காத்தல் வேண்டும். அயலவன் தன் கோட்டைக் காப்பான் என்று நம்புதலும் வேண்டும். ஒருவன் தவறின் அனைவர் உழைப்பும் வீணாகும். இவ்வுண்மை மணற்றரைக்கும் புற்றரைக்கும் பொதுவானது.

மற்றுமோர் இயைபும் உண்டு. தமிழை உலக அரங்கிற் கொண்டு நிறுத்திய தனிநாயகம் அடிகள் கரம்பொன்னிற் பிறந்தது 1913ஆம் ஆண்டில். விம்பிள்டன் சுற்றுப்போட்டியில் கலப்பு இரட்டையர் ஆட்டம் முழுத் தகுதி பெற்ற போட்டியாக ஏற்கப்பட்டதும் அதே 1913ஆம் ஆண்டிலேயாம். இது தற்செயலான ஒற்றுமையே. ஆயினும் அவ்வாட்டத்தின் வயதை எம்மூரவர் நினைவில் வைத்தற்கு இஃது எளிய வழியாகும்.

தோற்றமும் ஏற்பும்

இன்று நாம் அறியும் புற்றரை டெனிஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. வால்ரர் விங்ஃபீல்ட் என்னும் படைத்துறை அலுவலர் 1874இல் அதற்கு உரிமை பதிந்தார். செல்வர் மனைகளின் தோட்டங்களில் ஆடுதற்குரிய பொழுதுபோக்காகவே அது பரவியது. தோட்டத்து ஆட்டமாதலின் மகளிர் அதிற் கலந்துகொள்வதைத் தடுப்பார் இலர். குதிரைப் பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் ஆடவர்க்கே உரியனவாய்க் கருதப்பட்ட காலத்தில், தந்தையும் மகளும், உடன்பிறந்தாரும், கணவனும் மனைவியும் ஒருங்கே ஆடத்தக்க ஆட்டமாக டெனிஸ் அமைந்தது. எனவே கலப்பு ஆட்டம் பின்னர் எவரோ புகுத்திய புதுமையன்று. அவ்வாட்டம் பிறந்த தோட்டத்திலேயே உடன்பிறந்தது எனல் தகும்.

ஆனால் தோட்டத்தினின்று போட்டிக் களத்துக்கு வந்தபோது நிலை மாறிற்று. 1877இல் விம்பிள்டனில் முதற் சுற்றுப்போட்டி நிகழ்ந்தபோது ஆடவர் ஒற்றையர் ஆட்டம் ஒன்றே நடைபெற்றது. மகளிர்க்கு இடமில்லை. அயர்லாந்தின் தலைநகரான டப்ளின் இவ்வகையில் முந்திக்கொண்டது. 1879இல் தொடங்கிய அயர்லாந்துச் சுற்றுப்போட்டியில் மகளிர் ஒற்றையரும் கலப்பு இரட்டையரும் முதலாண்டிலேயே இடம்பெற்றன. விம்பிள்டன் மகளிர் ஒற்றையரை ஏற்றது 1884இலேதான். அவ்வாண்டில் மோட் வாற்சன் என்பார் தம் தமக்கையாகிய லிலியனையே இறுதியாட்டத்தில் வென்றார்.

ஐக்கிய அமெரிக்காவில் 1892 முதலும், பிரான்சில் 1902 முதலும் கலப்பு இரட்டையர் பட்டம் வழங்கப்பட்டது. 1900இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவே மகளிர் பங்குபற்றிய முதல் ஒலிம்பிக் விழாவாகும். அங்கும் கலப்பு இரட்டையர் இடம்பெற, சார்லற் கூப்பரும் றெஜினால்ட் டொஹேட்டியும் அதனை வென்றனர். இவற்றுக்கெல்லாம் பின்னரே, 1913இல், விம்பிள்டன் இதனை முழுத் தகுதியுடைய போட்டியாக்கிற்று. அவுஸ்திரேலியா 1922இற் பின்தொடர்ந்தது.

1913இன் விம்பிள்டன் இறுதியாட்டம் துயரோடு முடிந்தது. ஹோப் கிறிஸ்ப், அக்னஸ் டக்கி இணையை எதிர்த்து ஜேம்ஸ் பார்க், எதெல் லார்கொம் இணை ஆடியது. முதற் செற்றைப் பின்னவர் வென்றனர். இரண்டாஞ் செற்றில் முன்னவர் 5-3 என முன்னின்ற வேளையில், பந்து லார்கொம் அம்மையாரின் கண்ணிற் பட்டுக் காயம் விளைத்தது. அவர் ஆட்டத்தைத் தொடர முடியாது விலகினார். வெற்றி கிறிஸ்ப், டக்கி இணையினதாயிற்று. கலப்பு இரட்டையர் ஆட்டம் பொழுதுபோக்குக்கான மென்மையான ஆட்டம் என்று எண்ணியிருந்தோர்க்கு அந்த முதலாண்டே வேறொரு பாடத்தைக் கற்பித்தது.

விதியின் நடுநிலை

இவ்வாட்டத்தின் சிறப்பை உணர அதன் விதிகளைச் சிறிது நோக்குவோம். டெனிஸ் ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. இரட்டையர்க்கு இருபுறமும் நாலரை அடி கூட்டி 36 அடி. சேர்வ் எனப்படும் பந்து பணிக்கும் உரிமை நால்வர்க்கும் முறைவழி வரும். ஆகவே அடுத்தடுத்த நான்கு ஆட்டங்களில் ஒவ்வொருவரும் ஒருமுறை பணித்தல் வேண்டும். பந்தை ஏற்பதிலும் இணையில் ஒருவர் வலப்பக்கத்தையும் மற்றவர் இடப்பக்கத்தையும் ஒரு செற் முழுவதுங் காத்து நிற்பர். எனவே எதிரி பணிக்கும் பந்துகளில் ஏறத்தாழச் சரிபாதியைப் பெண்ணே ஏற்றாக வேண்டும். வலிய ஆடவர் பணிக்கும் பந்தாயினும் அதனை அவருக்காக வேறொருவர் ஏற்க விதி இடந்தராது.

சில போட்டிகளில், புள்ளிகள் நாற்பதுக்கு நாற்பது எனச் சமமானதும் ஒரே புள்ளியால் ஆட்டத்தை முடிக்கும் முறை கையாளப்படுகின்றது. அப்போது கலப்பு இரட்டையரில், பணிப்பவர் ஆணாயின் ஆணும் பெண்ணாயின் பெண்ணுமே அப்பந்தை ஏற்றல் வேண்டும் என்பது விதி. இவ்வொன்றைத் தவிர, ஆண் பெண் என்னும் வேற்றுமையை விதிநூல் பாராட்டுவதில்லை. மகளிர்க்கென வலையைத் தாழ்த்துவதுமில்லை, களத்தைச் சுருக்குவதுமில்லை.

பரிசுப் பணத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். ஒற்றையர் ஆட்டங்களில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் சமமான பரிசு அமெரிக்கச் சுற்றுப்போட்டியில் 1973இலும் விம்பிள்டனில் 2007இலுமே வந்தது. அதற்கு மகளிர் நெடுங்காலம் வாதாட நேர்ந்தது. கலப்பு இரட்டையரிலோ பரிசு இணைக்கே உரியது; ஒருவர்க்கு மிகுதியும் மற்றவர்க்குக் குறைவும் என்னும் வினா அங்கு எழ இடமில்லை. உலகம் வாதாடிப் பெற்ற ஒன்றை இவ்வாட்டம் தன் அமைப்பினாலேயே தொடக்கத்திற் கொண்டிருந்தது.

இத்துணைச் சிறப்பிருந்தும் இப்போட்டி பல காலம் புறக்கணிக்கப்பட்டது. 1924க்குப் பின் டெனிஸ் ஒலிம்பிக் விழாவினின்றும் நீங்கிற்று. 1988இல் டெனிஸ் மீண்டபோதும் கலப்பு இரட்டையர் மீளவில்லை. அதற்கு 2012வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவுஸ்திரேலியச் சுற்றுப்போட்டியில் 1970 முதல் 1986 வரை பதினேழாண்டுகள் இப்போட்டி நடைபெறவேயில்லை. இத்தனைக்கும் 1963இல் ஒரே ஆண்டில் நான்கு பெருஞ் சுற்றுப்போட்டிகளிலும் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்ற மார்கிறெற் கோட், கென் பிளெச்சர் இணை அந்நாட்டினரே என்பது நினைவுகூரத்தக்கது.

பாரத நாட்டவர் பெற்ற வெற்றி

இனி இவ்வாட்டம் நம்மவர்க்கு யாது செய்தது என்பதை நோக்குவோம். பாரத நாட்டில் டெனிஸ் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருவது. 1934இல் லீலா ராவ் விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்மணியானார். தமிழகத்து வீரர் இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். பின்னர் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் அரையிறுதிவரை முன்னேறினார். முதன்முறை நீல் பிறேசரிடமும் மறுமுறை றொட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அவ்வவ்வாண்டின் பட்டத்தை வென்றவர். கிருஷ்ணனின் மைந்தர் இரமேஷ் 1979இல் தந்தையைப் போலவே இளையோர் பட்டம் பெற்றார். விஜய் அமிர்தராஜ் விம்பிள்டனிலும் அமெரிக்காவிலும் காலிறுதிகளை எட்டினார். எனினும் நான்கு பெருஞ் சுற்றுப்போட்டிகளுள் எதிலேனும் முதுநிலைப் பட்டம் என்பது எவர்க்கும் எட்டாக் கனியாகவே இருந்தது.

அக்கனி 1997 யூன் மாதத்திற் கைக்கெட்டியது. பாரிஸ் நகரின் செம்மண் தரையிலே, சென்னையிற் பிறந்த மகேஷ் பூபதி, யப்பானிய வீராங்கனை றிக்கா ஹிராக்கியுடன் இணைந்து, அமெரிக்க இணையாகிய லீசா றேமண்ட், பற்றிக் கல்பிறெயித் ஆகியோரை 6-4, 6-1 என வென்றார். பெருஞ் சுற்றுப்போட்டி ஒன்றில் முதுநிலைப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. அப்பட்டம் ஒற்றையரில் வரவில்லை. ஆடவர் இரட்டையரிலும் வரவில்லை. கலப்பு இரட்டையரில் வந்தது. ஆசிய நாடுகள் இரண்டைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் இணைந்து அதனை வென்றனர். இவையெல்லாம் வரலாற்று மாணவர் கருதற்பாலன.

வாயில் திறந்தபின் வருவோர் பலராயினர். 1999இல் லியாண்டர் பயஸ், லீசா றேமண்டுடன் விம்பிள்டன் பட்டத்தையும், பூபதி, யப்பானின் ஐ சுகியாமாவுடன் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றனர். 2003இல் பயஸ், மார்ற்றினா நவரத்திலோவாவுடன் அவுஸ்திரேலியாவிலும் விம்பிள்டனிலும் வாகை சூடினார். அப்போது நவரத்திலோவாவின் வயது 46. அந்த விம்பிள்டன் பட்டம் அவருக்கு அக்களத்தில் இருபதாவதாகி, பில்லி ஜீன் கிங்கின் சாதனைக்கு அவரை ஒப்பாக்கிற்று. ஒற்றையர் ஆட்டத்தில் முதுமை தடையாகும். கலப்பு இரட்டையரிலோ பட்டறிவு கைகொடுக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2008இல் அவுஸ்திரேலியாவில் பூபதியும் சானியா மிர்சாவும் இறுதியாட்டத்திற் தோற்றனர். மறு ஆண்டு அதே களத்துக்கு மீண்டும் வந்து, நதாலி டெஷி, அண்டி றாம் இணையை 6-3, 6-1 என வென்றனர். பெருஞ் சுற்றுப்போட்டி ஒன்றில் முதுநிலைப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை இவ்வாறு சானியாவுக்கு வாய்த்தது. அவ்விருவருமே 2012இல் பாரிஸிலும் வென்றனர். ஆக, நாட்டின் முதல் ஆடவர் பட்டமும் முதல் மகளிர் பட்டமும் இந்த ஒரு வாயிலாலேயே உட்புகுந்தன.

கணக்கிட்டு நோக்கின் இவ்வுண்மை இன்னுந் தெளிவாகும். 1997 முதல் 2017 வரை இந்தியர் பங்குகொண்டு வென்ற பெருஞ் சுற்றுப்போட்டிக் கலப்பு இரட்டையர் பட்டங்கள் இருபது. அவற்றுள் பயஸ் வென்றவை பத்து. பூபதி வென்றவை எட்டு. 2014இல் பிறேசில் நாட்டுப் புருனோ சோறசுடன் சானியா வென்ற அமெரிக்கப் பட்டம் ஒன்று. 2017இல் கனடாவின் கபிறியேலா டப்ரொவ்ஸ்கியுடன் றோகன் போபண்ணா பாரிஸில் வென்றது ஒன்று. பூபதியும் சானியாவும் சேர்ந்து வென்ற இரண்டும் பூபதியின் எட்டினுள் அடங்கும். இதே காலத்தில் ஒற்றையரில் ஒரு பட்டமேனும் இந்தியர்க்கு வாய்க்கவில்லை.

இதற்குக் காரணம் யாது? ஒற்றையர் ஆட்டத்தில் உலகின் முன்னணியில் நிற்பதற்கு இளமை முதற் பெருஞ்செலவில் பயிற்சியும், ஆண்டு முழுதும் நாடுநாடாகச் செல்லும் வசதியும், உடல்வலியும் வேண்டும். இரட்டையரிலோ வலைக்கருகில் நின்று பந்தை நிலத்தில் விழவிடாது மடக்கும் கைந்நுட்பமும், களத்தின் கோணங்களை அளந்தறியும் கண்ணும், இணையோடு ஒத்துப்போகும் மனமும் மிகுதியாய்ப் பயன்படும். வசதி குறைந்த நாட்டவர்க்கும் இவை கைவரக்கூடியன. மேலும், தம் நாட்டிற் தகுந்த இணை கிடையாதவர், வேற்று நாட்டவரை இணையாகக் கொள்ள இவ்வாட்டம் இடந்தருகின்றது. நாடு சிறிதென்பதோ ஆட்டக்காரர் சிலரென்பதோ இங்கு முட்டுக்கட்டையாவதில்லை.

புதிய மாற்றம்

இந்நிலையில் 2025இல் அமெரிக்கச் சுற்றுப்போட்டியினர் பெரியதொரு மாற்றத்தைச் செய்தனர். கலப்பு இரட்டையர் போட்டி மற்றைப் போட்டிகளோடு நடைபெறாது, அவற்றுக்கு முந்திய வாரத்தில், ஆகஸ்ட் 19, 20 ஆகிய இரு நாள்களில் நடத்தப்பட்டது. இணைகள் பதினாறே. அவற்றுள் எட்டு, இருவரதும் ஒற்றையர் தரவரிசையைக் கூட்டிப் பார்த்துத் தெரியப்பட்டன. எஞ்சிய எட்டும் அமைப்பாளர் விருப்பப்படி அழைக்கப்பட்டன. இறுதியாட்டந் தவிர்ந்த ஆட்டங்களில் நான்கு ஆட்டங்களை வென்றாலே ஒரு செற் முடியும். வென்ற இணைக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு. முன்னைய ஆண்டில் அது இரண்டு இலட்சமாயிருந்தது.

இம்மாற்றத்தை வரவேற்றோர் கூறும் நியாயங்களை ஒதுக்கிவிடல் முறையன்று. முன்னர் வெறுமையாய்க் கிடந்த இருக்கைகள் நிறைந்தன. பெயர்பெற்ற ஒற்றையர் வீரரும் வீராங்கனையரும் ஒரே களத்தில் இணைந்து நின்றதைப் பேரரங்கிற் பல்லாயிரவர் கண்டனர். ஆணும் பெண்ணும் நிகராய் ஆடும் ஆட்டம் ஊர்ப்பேச்சாயிற்று. எவரும் பாராத போட்டியால் எவர்க்கு என்ன பயன் என்று அவர்கள் கேட்பர். அவ்வினா நேரியதே.

ஆயினும் வரலாறு கற்றார் மற்றொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். ஒற்றையர் தரவரிசையே நுழைவுச் சீட்டு என்னும் விதி 1997இல் பாரிஸில் இருந்திருப்பின் என்னாகியிருக்கும்? பூபதி ஒற்றையரில் உலகின் முதல் இருநூற்றுவருள் ஒருபோதும் இடம்பெற்றவரல்லர். போபண்ணாவும் அவ்வாறே. அமைப்பாளர் எவரேனும் விரும்பி அழைத்தாலன்றி அவர்கள் அக்களத்திற் காலடி வைத்திரார். தகுதியால் உரிமையாய் வருவது வேறு. பிறர் விருப்பால் விருந்தாய் வருவது வேறு. முன்னதை இழந்து பின்னதைப் பெறுதல் ஊதியமாகாது.

அந்த 2025ஆம் ஆண்டின் முடிவே இதற்கு விடையும் பகர்ந்தது எனலாம். ஒற்றையரிற் புகழ்பெற்ற இகா சுவியாந்தெக், காஸ்பர் றூட் இணையை இறுதியாட்டத்தில் வென்றவர், முன்னைய ஆண்டிலும் அப்பட்டத்தை வென்றிருந்த இத்தாலியரான சாறா எறானி, அந்திரேயா வவசோரி இணையினரே. இரட்டையர் ஆட்டத்தையே தம் தொழிலாய்ப் பயின்ற அவர்களும் அழைப்பின் பேரிலேயே உள்ளே வர நேர்ந்தது. அழைப்புக் கிடைத்திராவிடின் அவர்தம் திறமை வெளிப்பட்டிராது. இரட்டையர் ஆட்டம் ஒற்றையர் ஆட்டத்தின் எச்சமன்று. தனக்கெனக் கல்வியும் பயிற்சியும் உடைய தனிக்கலை என்பதை அவர்கள் களத்திலேயே நிறுவினர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கலப்பு இரட்டையர் ஆட்டம் டெனிஸ் தோன்றிய நாளிலேயே தோன்றியும் உரிய இடத்தைப் பெறப் பல்லாண்டு காத்திருந்தது என்பது ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே களத்தில் ஒரே சுமையையும் ஒரே பரிசையும் வழங்கிய ஆட்டம் அதுவென்பது இரண்டு. வலிய நாடுகளின் வரிசையில் இடம்பெறாதார் உட்புக அது வாயிலாய் அமைந்தது என்பது மூன்று. இம்மூன்றனுள் இறுதியாகக் கூறியதே இன்று ஐயத்துக்குள்ளாகியிருப்பது. பார்வையாளரைப் பெருக்குவதும், தகுதியுடையார்க்கு வாயில் அடைபடாது காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பதினாறு இடங்களுள் ஒரு பாதியை இரட்டையர் தரவரிசைக்கு உரிமையாய் விட்டுவைத்தால் இரண்டும் ஒருங்கே கைகூடும்.

இது தொலைதூர நாட்டவர் தீர்க்கவேண்டிய வழக்கு, தீவகத்தாராகிய நமக்கென்ன என்று ஆசிரியரோ மாணவரோ கருதல் வேண்டா. நம் பாடசாலைகளின் விளையாட்டு விழாக்களிலும் ஆண்பிள்ளைகளின் போட்டி ஒருபுறமும் பெண்பிள்ளைகளின் போட்டி மறுபுறமுமாக நிகழ்வதே பெருவழக்கு. புற்றரையும் செம்மண் தரையும் அமைக்க நமக்குப் பொருளில்லை. ஆனால் இரு கம்பங்களும் ஒரு வலையும் நான்கு மட்டைகளும் இருப்பின் பூப்பந்திலேனும் கலப்பு இரட்டையர் போட்டியொன்றை நடத்தலாம். காற்று மிகுந்த தீவுகளில் அதற்கு அதிகாலைப் பொழுதைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

அங்ஙனம் ஆடும் மாணவன், தன்னருகே நிற்பவளுக்குரிய பந்தைத் தான் பாய்ந்து பறித்தாற் புள்ளி போய்விடும் என்பதை முதல்நாளிலேயே அறிந்துகொள்வான். அம்மாணவியும், தனக்குரிய பந்தைத் தானே அடித்தாக வேண்டும், அதற்காக எவரையும் எதிர்பார்த்து நிற்றலாகாது என்பதை அறிவாள். கோட்டைக் காத்தலும் அயலாரை நம்புதலும் கிளித்தட்டு நமக்கு முன்னரே கற்பித்த பாடமாகும். அப்பாடத்தை இருபாலாரும் ஒருங்கிருந்து கற்க வழிசெய்தல் நம் கடன்.